சாமி இல்லாத கோயிலில் என்ன பார்ப்பது? ஹம்பி போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: ‘டிசம்பரில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் ஹம்பி போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. அம்மா, “சாமி இல்லாத இடிஞ்ச கோயிலுக்கு எதுக்குப் போகணும்?” என்கிறார். எதைப் பார்ப்பது, எதை விடுவது?’

அம்மாவின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். முதல் தடவை நான் என் அம்மாவை அழைத்துப் போனபோது அவரும் இதையேதான் கேட்டார்.

சாமி இருக்கிறார். விஜயநகரப் பேரரசு தோன்றும் முன்பே அங்கே இருந்தவர் விருபாட்சர், இன்றும் இருக்கிறார். அந்தப் பேரரசின் தலைநகரமாக இருந்த ஹம்பி அழிந்து 450 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கோயிலில் பூஜை நடக்கிறது. துங்கபத்திரையின் பழைய பெயர் பம்பை. பம்பா தேவிக்கும் விருபாட்சருக்கும் ஆண்டுதோறும் கல்யாண உற்சவம் நடக்கிறது. ஊரின் பெயரே அந்தப் பம்பையில் இருந்து வந்ததுதான். நம் பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு. அதே வழியில் பம்பை ஹம்பெ ஆகி, ஹம்பி ஆனது. ராமாயணத்துக் கிஷ்கிந்தை இந்த இடம்தான் என்பது மரபு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆனேகுந்தியும் அஞ்சனாத்ரி மலையும் இருக்கின்றன. இந்தப் பக்கம் மதங்க மலையும் மால்யவந்த மலையும். மால்யவந்தத்து ரகுநாதர் கோயில், ஆற்றங்கரைக் கோதண்டராமர், வாய்க்கால் நீரில் நிற்கும் மூன்று மீட்டர் உயர படவிலிங்கம் எல்லாம் இன்றும் வழிபாட்டில் இருப்பவை. தரிசனத்துக்குக் குறை இருக்காது என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

சரி, காலிக் கோயில்களுக்கு வருவோம். என் அம்மா அச்சுதராயர் கோயிலுக்குள் நுழைந்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஆள் அரவம் இல்லை. கருவறை திறந்து கிடந்தது, உள்ளே எதுவும் இல்லை. அப்புறம் மெதுவாகப் பிராகாரத்தைச் சுற்றினார். கருவறையின் வெளிச்சுவரில் கோமுகம் நீட்டிக்கொண்டிருந்தது. அபிஷேகத் தீர்த்தம் விழுகிற அந்த வாயைக் கையால் தடவி, “காஞ்சு போயிருக்கே” என்றார். அதன் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “இது தாயார் சன்னதி. இது கல்யாண மண்டபம், சாமி இந்த மேடையில்தான் உட்கார்ந்திருப்பார். தேர் இந்த வாசல் வழியாத்தான் போயிருக்கும்” என்று அவரே எனக்குக் காட்டிக்கொண்டு வந்தார். வாழ்நாள் முழுக்கக் கோயிலுக்குப் போய் வந்த ஒருவருக்கு அந்தக் கற்கள் அத்தனையும் தெரிந்த மொழி. ஐரோப்பாவில் இருந்து வருகிறவர் நாலு புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை உங்கள் அம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. வழிபாட்டில் இருக்கும் கோயிலில் நாம் கட்டடத்தைப் பார்ப்பதே இல்லை. வரிசை, இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, டியூப்லைட், கம்பி வேலி, உண்டியல் எல்லாம் சேர்ந்து மறைத்துவிடுகின்றன. தீபாராதனை முடிந்ததும் நகரச் சொல்லிவிடுவார்கள். ஒரு கோயில் எப்படிக் கட்டப்பட்டது, அதைச் சுற்றி ஓர் ஊர் எப்படி வளர்ந்தது என்பதை அடி முதல் முடி வரை நிதானமாகப் பார்க்க ஹம்பி மாதிரி ஓர் இடம் எனக்குத் தெரிந்து தென்னிந்தியாவில் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1336இல் ஹரிஹரரும் புக்கரும் தொடங்கிய அரசு. சங்கம, சாளுவ, துளுவ, ஆரவீடு என்று நான்கு வம்சங்கள். கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. 1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் தக்காணச் சுல்தான்களின் கூட்டுப்படையிடம், அப்போது ஆட்சியை நடத்திவந்த ராமராயர் தோற்றுக் கொல்லப்பட்டார். அவர் தம்பி திருமலை, கிடைத்த செல்வத்தை எடுத்துக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார். காவல் இல்லாத நகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. அப்புறம் அது மறுபடி நிலையான தலைநகரம் ஆகவில்லை. இன்று யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் (1986 முதல்) உள்ள பகுதி மட்டும் கிட்டத்தட்ட 42 சதுர கிலோமீட்டர். 1,600க்கு மேற்பட்ட கட்டடங்களும் எச்சங்களும் இருக்கின்றன. இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

அங்கே போனதும் எல்லாரும் கேட்பது, ‘யார் இடித்தார்கள்?’ சூறையாடல் நடந்தது உண்மை. தீ வைத்ததும் சிலைகளை உடைத்ததும் உண்மை. ஆனால் கோபுரங்களின் உச்சி காணாமல் போனதற்கெல்லாம் அதுவே காரணம் என்று நினைக்காதீர்கள். அடிப்பாகம் கருங்கல், மேலே நிலைகள் எல்லாம் செங்கலும் சுண்ணாம்பும். நம் ஊர்க் கோபுரங்களும் அப்படித்தான். நாம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை திருப்பணி செய்து, சுதையைச் சரிசெய்து, வர்ணம் பூசி, கும்பாபிஷேகம் நடத்துகிறோம். முளைக்கிற அரசங்கன்றைப் பிடுங்கிப் போடுகிறோம். 450 ஆண்டு அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஹம்பிக் கோபுரங்களில் பார்க்கலாம். அரண்மனைகள் மரத்தால் ஆனவை. கல் அடித்தளம் மட்டுமே மிஞ்சியது. போரைப் பற்றி ஒரே மூச்சில் கதை சொல்லும் வழிகாட்டி கிடைத்தால், கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் செங்கலையும் பாருங்கள். ஹம்பி மன்னர்கள் ‘ஹிந்துராய சுரத்ராண’, அதாவது ஹிந்து அரசர்களில் சுல்தான் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். தாமரை மஹாலின் வளைவுகளிலும் யானைக் கொட்டிலின் குவிமாடங்களிலும் சுல்தான்களின் கட்டடக்கலை அப்படியே இருக்கிறது. சண்டையும் கொடுக்கல் வாங்கலும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன.

இப்போது எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதல் நாள் காலை வெயில் ஏறும் முன் ஹேமகூட மலை. மலை என்றுதான் பெயர், சரிவான பாறைதான். கைத்தடியோடு அப்பா மெதுவாக ஏறிவிடலாம். மதங்க மலை அப்படி இல்லை, படிகள் செங்குத்து. அதை நீங்கள் மட்டும் விடியற்காலையில் துணையோடு போய் வாருங்கள். ஹேமகூடத்தில் உள்ள சிறு கோயில்களுக்குப் படிப்படியாகக் குறுகும் கூம்புக் கூரைகள். பலவும் விஜயநகரத்துக்கு முந்தியவை, தக்காணப் பாணியில் கட்டப்பட்டவை. பார்த்ததும் ‘இது நம் ஊர்க் கோயில் மாதிரி இல்லையே’ என்று தோன்றும். அந்த எண்ணத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் வேண்டியிருக்கும்.

அங்கிருந்து இறங்கினால் விருபாட்சர் கோயில். ஒன்பது நிலைக் கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர். உள்ளே 1510இல் கிருஷ்ணதேவராயர் தன் முடிசூட்டு நினைவாகக் கட்டிய ரங்க மண்டபம் இருக்கிறது, கல்வெட்டும் உண்டு. அதன் விதானத்தை நிமிர்ந்து பாருங்கள்: விஜயநகர அரசர்களின் குருவாகப் போற்றப்படும் வித்யாரண்யர் பல்லக்கில் போகும் ஊர்வலம், அர்ஜுனன் மீனைக் குறிவைப்பது, சிவபார்வதி கல்யாணம் என்று வரிசையாக ஓவியங்கள். அப்புறம் கோயிலின் பின்பக்கம் ஓர் இருட்டறை உண்டு. சுவரில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் முன்னால் இருக்கும் பெரிய கோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். காலை வெயிலில் தெளிவாகத் தெரியும். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த ஊசித்துளைக் கேமரா நினைவுக்கு வரும். கோயில் யானையை ஆற்றில் குளிப்பாட்டுவதும் காலையில்தான். வாய்த்தால் பாருங்கள்.

கோயிலுக்கு எதிரே முக்கால் கிலோமீட்டர் நீளும் அகன்ற வீதியைக் கவனியுங்கள். இருபுறமும் தூண் மண்டபங்கள். வீதியின் மறுகோடியில் ஒரே பாறையில் செதுக்கிய நந்தி. இது விருபாட்சர் கடைவீதி. தேரோடும் வீதியும் இதுவே. ஹம்பியில் ஒவ்வொரு பெரிய கோயிலுக்கும் இப்படி ஒரு வீதியும் ஒரு தெப்பக்குளமும் உண்டு. கிருஷ்ணர் கோயில், அச்சுதராயர் கோயில், விட்டலர் கோயில் எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். கோயில் கட்டினால் கூடவே ஒரு புறநகர்ப் பேட்டை, சந்தை, குளம், நீர்வரத்து எல்லாம் வந்துவிடும். 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பாயஸ், இந்த நகரம் ரோம் அளவுக்குப் பெரியது என்று எழுதினார். சன்னதித் தெரு, மாடவீதி என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அதனால்தான் சொல்கிறேன்: கோயில் வாசலில் இறங்கி, படம் எடுத்து, திரும்ப ஆட்டோவில் ஏறாதீர்கள். வீதியில் இருந்து நடந்து கோயிலுக்குள் போங்கள்.

அடுத்து கடுகு விநாயகர், கடலை விநாயகர். கன்னடத்தில் சாசிவெகாளு, கடலெகாளு என்பார்கள். பின்னது நாலரை மீட்டர். கொஞ்சம் தெற்கே கிருஷ்ணர் கோயில். கிருஷ்ணதேவராயர் ஒடிசாவை ஆண்ட கஜபதிகளிடம் இருந்து உதயகிரிக் கோட்டையை வென்றபோது அங்கிருந்த பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டு வந்து இங்கே பிரதிஷ்டை செய்தார். அதைச் சொல்லும் கல்வெட்டுப் பலகை கோயிலுக்குள்ளேயே நிற்கிறது. கிழக்குக் கோபுரத்தை உள்ளே நின்று திரும்பிப் பாருங்கள், குதிரையும் கேடயமுமாகப் போர்க்களத்தைச் சுதையில் செய்திருக்கிறார்கள். இந்தக் கருவறையும் காலிதான். அந்தச் சிலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பக்கத்திலேயே நரசிம்மர். 1528ஆம் ஆண்டு, ஒரே பாறை, 6.7 மீட்டர். பெரும்பாலானவர்கள் உக்கிர நரசிம்மர் என்பார்கள். உண்மையில் அவர் லட்சுமி நரசிம்மர். மடியில் இருந்த லட்சுமியை உடைத்துவிட்டார்கள். அவர் இடுப்பை அணைத்த தாயாரின் கை மட்டும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கையைப் பார்க்காமல் வராதீர்கள். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மதியம் வெளியே சுற்ற வேண்டாம். டிசம்பரிலும் பாறை சூடேறிவிடும். பக்கத்து ஊரான கமலாப்புரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் முழு ஹம்பிக்கும் ஒரு மாதிரி அமைத்திருக்கிறார்கள். ஆறு, மலை, மதில், கோயில் எல்லாம் ஒரே பார்வையில் பிடிபடும். சாப்பிட்டு, அப்பா கொஞ்சம் காலை நீட்டிய பிறகு, மாலையில் அரண்மனைப் பகுதி.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது ஹசார ராமர் கோயில். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அரச குடும்பத்துக் கோயில், அளவில் சின்னதுதான். வெளி மதிலில் யானை, குதிரை, வீரர்கள், ஆடும் பெண்கள் என்று அடுக்கடுக்கான ஊர்வலம். உள்ளே கோயில் சுவரில் மூன்று வரிசையில் ராமாயணம். மூன்று தடவை வலம் வந்தால் கதை முடியும். பிரதட்சிணம் செய்கிறவர் படித்துக்கொண்டே போகலாம். தசரதர் யாகம் செய்து பாயசம் வாங்குவதை அம்மா கண்டுபிடித்துவிடுவார், மற்றதை அவரே சொல்லிக்கொண்டு போவார். தாயார் சன்னதிச் சுவரில் லவ குசர்களையும் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கோயிலுக்கு நேர் வடக்கே மதங்க மலை. கிஷ்கிந்தையை மனதில் வைத்தே அரசர்கள் நகரத்தை அமைத்தார்கள் என்பதற்கு இதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள்.

முன்பு மறக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதை இங்கே எடுங்கள். ஹேமகூடத்தில் அந்நியமாகத் தெரிந்த கோயில் இங்கே திடீரென்று நம் ஊர்க் கோயில் மாதிரி தெரியும். அதிட்டானம் என்னும் அடித்தளம், அதில் உருண்டு வரும் குமுத வரி, சுவரில் அரைத்தூண்கள், சாமி சிலை வைக்கும் கோஷ்ட மாடங்கள் எல்லாம் சோழ பாண்டிய மரபு. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? புக்கரின் மகன் குமார கம்பணர் தெற்கே வந்து 1370களின் தொடக்கத்துக்குள் மதுரை வரை வென்றார். தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்த விஜயநகரம் அந்தப் பாணியைத் தலைநகருக்குக் கொண்டுபோனது. அங்கே அது குதிரை, யாளித் தூண்களாகவும் பெரிய கல்யாண மண்டபங்களாகவும் வளர்ந்தது. வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்திலும் ஸ்ரீரங்கத்துக் குதிரை மண்டபத்திலும் நாம் பார்ப்பது அந்த வளர்ச்சியைத்தான்.

பக்கத்தில் மகாநவமி மேடையும் படிக்குளமும். மேடை நல்ல உயரம். அப்பா கீழேயே இருந்து பக்கச் சிற்பங்களைப் பார்க்கட்டும். குளம் 1980களில் தோண்டி எடுக்கப்பட்டது. கறுப்புக் கல் படிகளில் குனிந்து உற்றுப் பாருங்கள், கல்லுக்குக் கல் சின்னச் சின்ன எழுத்துகளும் கோடுகளும் கீறியிருக்கும். எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று கொத்தர்கள் போட்ட அடையாளங்கள் அவை. வேறெங்கோ செதுக்கி, கொண்டு வந்து, எண் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் விட்டலர் கோயில். காலையில் திறந்ததும் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது. வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்து பேட்டரி கார் உண்டு, பெற்றோருக்கு அது வசதி. நடக்க முடிகிறவர்கள் விருபாட்சர் வீதியில் இருந்து ஆற்றங்கரை வழியாக, கோதண்டராமர் கோயிலைத் தாண்டி நடந்தே வரலாம். ஹம்பியின் மிக அழகான நடை அதுதான். வழியில் திரும்பினால் அச்சுதராயர் கோயில் வீதி. 1534இல் எழுந்த அந்தக் கோயிலின் உண்மையான பெயர் திருவேங்கடநாதர் கோயில்.

ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல்ரதம் விட்டலர் கோயிலில்தான். அது தேர் வடிவில் செய்த கருடன் சன்னதி. 1856இல் அலெக்சாண்டர் கிரீன்லா எடுத்த புகைப்படத்தில் அதன் மேல் செங்கல் விமானம் இருக்கிறது, இப்போது இல்லை. முன்னால் நிற்கும் யானைகளும் பிற்பாடு வைத்தவை. அவற்றுக்குப் பின்னால் குதிரைகளின் பின்னங்கால்கள் இருந்த தடம் தெரியும். இசைத்தூண்களைத் தட்ட அனுமதி இல்லை, அதுதான் சரி. நெல்லையப்பரிலும் சுசீந்திரத்திலும் கேட்ட நமக்கு அதில் பெரிய ஏமாற்றம் இருக்காது. அதற்குப் பதில் ஒரே கல்லில் நடுத்தூணும் சுற்றிலும் மெல்லிய கிளைத்தூண்களும் எப்படி வந்தன என்று அருகில் நின்று பாருங்கள். இந்தப் பேட்டையில் திருமங்கையாழ்வாருக்குத் தனிக்கோயிலே இருந்திருக்கிறது, இடிபாடாக இன்றும் நிற்கிறது. அதைக் கேட்டுத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

நேரம் மிஞ்சினால் கமலாப்புரத்துப் பட்டாபிராமர் கோயில். விட்டலர் கோயிலுக்குச் சளைக்காத அளவு. பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். ராணி குளியலறை, தாமரை மஹால் எல்லாம் விரைவாகப் பார்த்தால் போதும். விட்டலர் கோயிலில் எடுத்த டிக்கெட்டையே தாமரை மஹாலில் அன்றைக்குக் காட்டலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். 2019இல் சில இளைஞர்கள் ஒரு கல்தூணைத் தள்ளிச் சாய்க்கும் வீடியோ பரவியது நினைவிருக்கலாம். நீதிமன்றம் அபராதம் போட்டு, அவர்களைக் கொண்டே அதைத் திரும்ப நிறுத்த வைத்தது. ஐந்நூறு ஆண்டு நின்ற தூண் அது. கூட வரும் பிள்ளைகளிடம் சாயாதே, ஏறாதே, கீறாதே என்று முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்.

போக வர: ரயில் நிலையம் ஹொசபேட்டை, ஹம்பி அங்கிருந்து 13 கிலோமீட்டர். பெங்களூரில் இருந்து ஹம்பி எக்ஸ்பிரஸ் இரவு ரயில் வசதி. பெற்றோருடன் என்றால் ஹொசபேட்டையிலோ கமலாப்புரத்திலோ தங்குவதே நல்லது. இரண்டு நாளுக்கும் ஒரே ஆட்டோவைப் பேசிக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், விருபாட்சர் கோயில் தரைக்குக் காலுறை. பையில் பழம் தெரிந்தால் குரங்கு விடாது. ஒருநாளாவது மாலை ஐந்தரைக்கு ஹேமகூடத்தில் இருங்கள். பகல் முழுக்கச் சாம்பலாகத் தெரிந்த பாறைகள் அந்த அரை மணி நேரத்தில் செம்பொன்னாகிவிடும்.

பாலகிருஷ்ணர் சிலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அது அழியவில்லை. சிதைந்த நிலையில், சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை எழும்பூருக்கு அழைத்துப் போங்கள். கிருஷ்ணர் கோயிலின் காலிக் கருவறையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, அது எந்த ஊர், எந்த வாசல் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்காது.